மயில் வண்டியும் பாம்பு வண்டியும்

போன ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போனபோது, எங்களை உரசுகிற மாதிரி ஒரு கார் பறந்து போனது. அப்போது கூட நடந்து வந்த மரியபுஷ்பம் மதினி சொன்ன கதை இது.

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்தை ஒட்டி ஒரு தார் ரோடு வளைந்து மேலே ஏறியது. ஞாயிற்றுக்கிழமை காலையானால் டவுனிலிருந்து பணக்காரர்கள் ஸ்போர்ட்ஸ் காரில் அந்த வழியாக மலையேறுவார்கள். ஒவ்வொரு கம்பெனிக் காரின் மூக்கிலும் ஒரு பிராணியின் உருவம் பதித்திருக்கும். ஒன்றில் மயில், ஒன்றில் யானை, இன்னொன்றில் பாம்பு.

வேடிக்கை பார்க்கக் காட்டுச் சனம் முழுவதும் ரோட்டோரச் சுவரில் வந்து உட்கார்ந்துவிடும். அதில் கடைசி இடம் செம்பி என்கிற குரங்குக்கு. அவள் வேறு காட்டிலிருந்து பிழைக்க வந்தவள். பெற்ற குட்டிகளில் மொச்சை ஒன்றுதான் தங்கியது. அதைத் தூங்கும்போதுகூட வயிற்றைவிட்டு இறக்க மாட்டாள்.

யானை வண்டி வந்தால் கட்டையன் என்ற காட்டுப்பன்றி தலையைத் தாழ்த்தும். "பெரிய இடத்து வண்டிடா! கும்பிடு போடுங்க!" என்று கத்தும்.

மயில் வண்டி வந்தாலோ சொல்லவே வேண்டாம். நீல நிறம். அது உறுமினால் குளத்துத் தண்ணீரே நடுங்கும். தோகையன் என்ற மயில் சுவர்மேல் நின்று தோகையை விரிக்கும். "நம்ம வண்டி! நம்ம வண்டி!" என்று எல்லாரும் ஆர்ப்பரிப்பார்கள்.

பாம்பு வண்டி கறுப்பு. அதைக் கண்டதும், "வருது பாரு சனியன்!" என்று மாங்கொட்டையும் கல்லும் பறக்கும்.

சுவர் இடுக்கில் குடியிருந்த சாரைப்பாம்பு ஒருநாள் தலையை நீட்டியது. "அந்தக் காருக்கும் எனக்கும் என்னய்யா சொந்தம்? நான் குறுக்கே போனால் எந்த வண்டியும் என்னை நசுக்கத்தான் செய்யும்!"

"உள்ளே போ! சாதிக்காரனுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டான்!" என்றது கட்டையன். எல்லாரும் சிரித்தார்கள்.

செம்பிக்கு மட்டும் மனசு உறுத்தியது. ஒரு தடவை மொச்சையைத் தூக்கிக்கொண்டு அவள் பாதி ரோட்டில் இருந்தபோது பாம்பு வண்டி வந்தது. செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி நின்றது. அவள் கடந்து போகும்வரை காத்திருந்துதான் கிளம்பியது. மயில் வண்டி அந்த வளைவில் ஒருநாளும் வேகத்தைக் குறைத்ததில்லை.

"அண்ணாச்சி, அந்தக் கறுப்பு வண்டி நின்னு போகுது. நம்ம வண்டிதான்..." என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அது நிக்கலை, பதுங்குது! கொத்துறதுக்கு முன்னால பாம்பு பதுங்காதா?" என்றது தோகையன். "சுவர்ல இடம் வேணும்னா எங்களோட சேர்ந்து கத்து. இல்லேன்னா வந்த காட்டுக்கே நடையைக் கட்டு!"

 அடுத்த வாரம் செம்பியும் கறுப்பு வண்டிமேல் ஒரு கல் எறிந்தாள். "இப்பதான் நீ நம்ம ஆளு!" என்று கட்டையன் நகர்ந்து இடம் கொடுத்தது.

பிறகு ஒரு ஞாயிறு. தூரத்தில் உறுமல் கேட்டது. மொச்சை துள்ளியது.

"அம்மா! நீல வண்டிம்மா! கிட்ட போய்ப் பார்க்கணும்!"

"வேண்டாம் ராசா. இங்கேயே இரு."

"விடு செம்பி!" என்றது தோகையன். "நம்ம வண்டி நம்ம பிள்ளையை என்ன செய்யும்?"

"அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரலையோ!" என்றது கட்டையன்.

எல்லாருடைய கண்ணும் செம்பிமேல் திரும்பியது. அவள் பிடி தளர்ந்தது. மொச்சை வழுக்கி இறங்கி ரோட்டுக்கு ஓடியது.

மயில் வண்டி வந்தது. வேகம் குறையவில்லை. வளைவில் திரும்பி மேலே போயேவிட்டது.

மொச்சை தாரில் கிடந்தது.

 அப்போது கீழேயிருந்து பாம்பு வண்டி வந்தது. தூரத்திலேயே நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி ஓடிவந்து குட்டியைக் கைக்குட்டையில் ஏந்தினார். குளத்தங்கரைப் புங்கமரத்தடியில் கிடத்தி, வாயில் தண்ணீர் விட்டுப் பார்த்தார். தண்ணீர் கடைவாயில் வழிந்துவிட்டது.

"பார்த்தீங்களா! பாம்பு வண்டிக்காரன் கொன்னுட்டான்!" என்று கட்டையன் கூவியது.

"கொன்னுட்டான்! கொன்னுட்டான்!"

கல்மழை பொழிந்தது. அந்த மனுஷன் நெற்றியில் ரத்தத்தோடு வண்டியில் ஏறிப் போனார்.

"அவர் இல்லை!" என்று செம்பி அலறினாள். "மயில் வண்டிதான்! எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க!"

"பாவம், பிள்ளை போன துக்கம். புத்தி கலங்கிடுச்சு," என்றது தோகையன். "நம்ம வண்டி அப்படிச் செய்யுமா?"

"செய்யாது! செய்யவே செய்யாது!" என்றது கூட்டம். பொழுது சாய்வதற்குள் கண்ணால் பார்த்தவர்களே பாம்பு வண்டி ஏறியதைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு பாம்பு வண்டி அந்தப் பக்கம் வரவேயில்லை. செம்பியும் சுவருக்குப் போகவில்லை. வளைவுக்குக் கீழே ஒரு பாறையில் உட்கார்ந்துகொள்வாள். எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும், "மரத்துல ஏறுங்க பிள்ளைகளா! ஏறுங்க!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். சின்னஞ்சிறுசுகள் ஓடி ஏறிவிடும். பெரியவர்கள், "பைத்தியக்காரி!" என்று சிரிப்பார்கள்.

மழைக்காலம் தொடங்கிய வாரம், மயில் வண்டிக்கு வரவேற்புக் கொடுக்கத் தோகையன் நடுரோட்டிலேயே இறங்கியது. தோகையை முழுசாக விரித்தது.

"அண்ணாச்சி, ஓரமா வாங்க! கையெடுத்துக் கும்பிடுறேன், வந்துடுங்க!" என்று செம்பி ஓடிவந்தாள்.

"நம்ம வண்டிக்கு நான் ஏன் ஒதுங்கணும்?" என்றது தோகையன்.

அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. நீல வண்டி போன பிறகு நீல இறகுகள் வெகுநேரம் காற்றில் அலைந்தன.

கட்டையன் இறகு ஒன்றை முகர்ந்து பார்த்தது. சுற்றிலும் பார்த்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது: "இதுவும் அந்தப் பாம்பு வண்டி செஞ்ச வேலைதான்!"

"ஆமா! ஆமா!" என்றது கூட்டம்.

செம்பி இறகுகளைப் பொறுக்கி, புங்கமரத்தடியில் மொச்சையைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மேலே இன்னொரு வண்டியின் சத்தம் கேட்டது. "ஏறுங்க பிள்ளைகளா!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

வண்டியின் சின்னத்தைப் பார்த்துக் கைதட்டுகிறவர்கள், அது தங்கள் பிள்ளைமேல் ஏறினாலும் அடுத்தவன்மேல்தான் பழி போடுவார்கள்.

இதைக் கேட்ட உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எந்தக் கம்பெனி வண்டியில் போனாலும் சரி, வளைவு வரும்போது கொஞ்சம் மெதுவாகப் போங்கள்.