சிறுத்தை வந்த ஸ்பெஷல் கிளாஸ்

ஆலங்காட்டில் குரங்குகள் பள்ளிக்கூடம் நடத்தின. பாடம் ஒன்றே ஒன்றுதான். சிறுத்தையைக் கண்டதும் கத்த வேண்டும்! தேறாத பிள்ளை சிறுத்தைக்குச் சாப்பாடு.

தலைமையாசிரியர் தனுஷ்கோடிக்குப் பரீட்சை நெருங்க நெருங்க ஒரு பயம் பிடித்துக்கொண்டது. "மரத்துக்கு மரம் தாவினால் படித்ததெல்லாம் காது வழியாகச் சிந்திவிடும்! இனி விளையாட்டு பீரியடே கிடையாது. எல்லாம் ஸ்பெஷல் கிளாஸ்!" என்றார்.

தாய்க்குரங்குகளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பிள்ளைகளின் ஒரு காதில் பஞ்சை அடைத்தார்கள். இன்னொரு காது பாடம் கேட்க வேண்டுமே! "மூளைக்கு நல்லது, சாப்பிடு ராஜா!" என்று தேனில் ஊறிய பலாச்சுளையை டப்பா டப்பாவாகத் திணித்தார்கள். பிள்ளைகள் வயிறு உப்பி, கண் செருகி, கிளையில் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தன.

துளசிமணி என்ற குட்டிக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. "சார், கால் மரத்துப்போச்சு சார்!" என்று நெளிந்தாள்.

"திமிரா? பஞ்சை எடு! டப்பாவை வை! தினமும் மரத்தைச் சுற்றி ஓடு! பசித்தால் இலையும் காயும் தின்னு! அதுதான் உனக்குத் தண்டனை!" என்றார் தனுஷ்கோடி.

துளசிமணி ஓடினாள். கொழுந்தும் காயும் தின்றாள். "ஐயோ பாவம், உருப்படாது" என்று தாய்மார்கள் உச்சுக்கொட்டினார்கள்.

பரீட்சை நாளும் வந்தது. கூடவே நிஜச் சிறுத்தையும் வந்தது! கிளையேறி முதல் வரிசையில், தனுஷ்கோடியின் மகன் புகழேந்திக்கு எதிரே போய் நின்றது. மிச்சப் பலாச்சுளையெல்லாம் தின்று சொக்கிக்கிடந்த வாத்தியார் அரைக்கண் திறந்தார்.

"வாங்க, வாங்க, இன்ஸ்பெக்டர் ஐயா!"

சிறுத்தைக்கே தூக்கிவாரிப்போட்டது. சமாளித்துக்கொண்டு, "தம்பி, சிறுத்தைக்கு எத்தனை கால்?" என்றது.

"நாலு!" என்றான் புகழேந்தி, கண்ணைத் திறக்காமலே.

"உடம்பில்?"

"புள்ளி!"

"கண்டால் என்ன செய்ய வேண்டும்?"

"கத்த வேண்டும் ஐயா. அது அஞ்சு மார்க் கேள்வி."

"சபாஷ்! நூற்றுக்கு நூறு!" என்று சிறுத்தை வாயைப் பிளந்தது. தனுஷ்கோடி பூரித்துப்போய்க் கைதட்டினார். மகன் போகப்போகிறான், அப்பன் கைதட்டுகிறார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

மரத்தைச் சுற்றி வந்த துளசிமணி நிமிர்ந்து பார்த்தாள். "அய்யய்யோ! சிறுத்தை! சிறுத்தை!"

ஒரே தாவலில் புகழேந்தியின் வாலைப் பிடித்து உச்சிக்கிளைக்கு இழுத்தாள். சிறுத்தையின் பல் வெறும் டப்பாவைத்தான் கடித்தது. மற்றவர்களும் அலறி எழுந்து, மூச்சு வாங்க மேலே ஏறித் தப்பினார்கள்.

சிறுத்தைக்குக் கோபமான கோபம். "எல்லாரையும் எவ்வளவு அழகாக வளர்த்தீர்! இந்த ஒன்றை மட்டும் கெடுத்து வைத்திருக்கிறீரே, வாத்தியாரே!" என்று திட்டிவிட்டுப் போனது.

தனுஷ்கோடி மகனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

மறுநாள் விடியற்காலையிலேயே பள்ளிக்கூடத்தில் தள்ளுமுள்ளு.

"சார், என் பிள்ளைக்கும் தண்டனை குடுங்க!"

"என் மகன் அதைவிட மோசம் சார்! முதலில் அவனை ஓட விடுங்க!"

ஓடியாடாத உடம்பும் தித்திப்பைத் திணித்த வயிறும் இருந்தால், எவ்வளவு படித்த பிள்ளைக்கும் கண்ணெதிரே நிற்பது தெரியாது.