பூவாத்தாளின் வயிறு

கள்ளி வேலியில் பூவாத்தா என்றொரு ஓணான் இருந்தாள். கூட இருந்த ஓணான்கள் எல்லாம் மண்ணைத் தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டு வந்தன. இவளுக்கு மட்டும் வயிறு திறக்கவில்லை.

ஒருநாள் எருக்குழியில் வண்டு பிடித்துத் தின்றாள். கொஞ்ச நாளில் வயிறு உப்பியது. வேலியே வந்து விசாரித்தது.

"எனக்கும் வயிறு திறந்துருச்சு!" என்று பூரித்துப் போனாள்.

உள்ளிருந்து குரல் வந்தது. "அம்மா! பசிக்குது!"

அம்மா என்று அவளை இதுவரை யார் கூப்பிட்டார்கள்? ஓடி ஓடி எறும்பு பிடித்தாள், ஈசல் பிடித்தாள். தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. வால் சுள்ளியாய் இளைத்தது.

பக்கத்துக் கல்லிடுக்கில் சின்னாயி என்றொரு அரணை. அவள் சொன்னாள்: "ஏண்டி, அரணைக்கு மறதின்னு ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும். ஆனா முட்டை சோறு கேட்டதா நான் கேள்விப்பட்டதே இல்லைடி! வேலியில போற ஓணானை மடியில விட்டுக்கிட்ட கதை தெரியும். இப்ப ஓணான் மடிக்குள்ளயே என்னடி பூந்திருக்கு? குடல்புழுதான்! ஓடைக்கரையில ஆடுதீண்டாப்பாளை நிக்குது. ஒரு இலை தின்னு, புழு செத்துரும்!"

"ஆடே தொடாத கசப்பை என் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்றியா? முட்டை போட்டவங்கற திமிரு உனக்கு!"

சின்னாயி தன் கல்லிடுக்குக்குள் போய்விட்டாள்.

மழை பெய்து மண் இளகியது. பூவாத்தா மூச்சு வாங்க வாங்கக் குழி தோண்டினாள். நடுவில் மயங்கி விழுந்து எழுந்தாள்.

"கண்ணுங்களா, இடம் தயார். வெளியே வாங்க!"

"எதுக்கும்மா? வெளியே வெயில் இருக்கு, காக்கா இருக்கு. பசிச்சா நாங்களே இல்ல தேடணும்! நாங்க இங்கேயே இருந்துக்கறோம். நீ போய் ஈசல் பிடி, போ!"

பூவாத்தா குழியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மண்ணைத் தள்ளி மூடினாள்.

ஓடைக்கரைக்கு ஊர்ந்து போய் இலையைக் கடித்தாள்.

"அம்மா! கசக்குது! அம்மா!"

மென்ற வாய் நின்றது. அப்புறம் விழுங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் வயிறு ஒட்டிக் கிடந்தது. சின்னாயி எட்டிப் பார்த்தாள்.

"எப்படிடி இருக்கு?"

"பசிக்குது," என்றாள் பூவாத்தா. "எனக்கே பசிக்குது."

வாய் நிறைய உறவு சொன்னாலும், உள்ளேயிருந்து நம் உயிரைத் தின்பது பிள்ளை ஆகாது, புழுதான்.