பிரிக்காத கம்ப்யூட்டர்

முன்னொரு காலத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. முன்னொரு காலம் என்றதும் ராஜா ராணி காலத்துக்குப் போய்விட வேண்டாம், ஒரு முப்பத்தைந்து வருஷம் இருக்கும். வேலூரில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த ஒரு முதலாளி ஆசைப்பட்டு அதை வாங்கினார். நாலு கடிதம் அடித்துப் பார்த்தார். குமாஸ்தா அதைத் தொடவே பயந்ததால் துணியைப் போட்டு மூடிவிட்டார். அப்படியே கிடந்து, ஆபீஸ் கைமாறியபோது வெளியே வந்து, சென்னையில் சிராஜுதீனிடம் வந்து சேர்ந்தது.

சிராஜுதீன் பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து, அவற்றைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்களுக்கு விற்கிறவர். மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் கடை. கீழே தங்கப்பழம் மெஸ். அங்கே பதினொரு மணிக்கு மீன் பொரிக்க ஆரம்பித்தால், மாடியில் இருக்கிற மிஷின்களுக்கெல்லாம் சாயங்காலம்வரை வஞ்சிரம் வாசனைதான். சிராஜுதீனுக்கு அது பழகிப்போய்ப் பல வருஷமாகிறது.

வந்த கம்ப்யூட்டரைத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியின் பின்பக்கம், மேல்மூடியும் அடிப்பாகமும் சேருகிற இடத்தில், தபால்தலை அளவில் ஒரு வெள்ளித்தாள் முத்திரை. கம்பெனியில் ஒட்டியது. மூடியைத் திறந்தால் அது கிழிந்தே ஆகவேண்டும். கிழியவில்லை என்றால் இதுவரை யாரும் உள்ளே கை வைக்கவில்லை என்று அர்த்தம். சேகரிக்கிறவர்கள் மத்தியில் பிரிக்காத பெட்டிக்கு இருக்கிற மவுசே தனி.

சேகரிப்பாளர்களின் வாட்ஸப் குழுவில் அவர் போட்ட முதல் படம் கம்ப்யூட்டருடையது அல்ல, முத்திரையுடையது. ஒரு மணி நேரத்தில் நாற்பது பேர் கைதட்டினார்கள். அன்றைக்கு முத்திரைக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்தைந்து வருஷமாகச் சுவரைப் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றுக்கு இவ்வளவு பேர் கைதட்டினால் வேறென்ன ஆகும்?

முத்திரைக்கு இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கம் ஒரு குடும்பமே இருந்தது. நடுவில் மதர்போர்டு. உள்ளே இருந்த சின்னதும் பெரியதும் எல்லாம் அவள்மேல்தான் காலூன்றி நின்றன. எல்லாருக்கும் அவள் அம்மா. அவளுடைய இடது ஓரத்தில் ஒரு கண்டென்சர் நின்றது. மின்விசிறியில் இருக்குமே, அந்த இனம்தான், ஆனால் வேர்க்கடலை அளவு. கரண்டை வாங்கி வயிற்றில் வைத்திருந்து, அம்மாவுக்குப் பதமாகக் கொடுப்பது அதன் வேலை. வயிற்றுக்குள் கொஞ்சம் திரவம் உண்டு. இத்தனை வருஷம் சும்மா நின்றாலும், திரும்ப ஒருநாள் கரண்ட் வரும், திரையில் எழுத்து எரியும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து டாக்டர் ரோஸ்லின் போன் செய்தார். பல் டாக்டர். வீட்டில் ஒரு ஹால் முழுக்கக் கண்ணாடி அலமாரி வைத்துப் பழைய கம்ப்யூட்டர்களை அடுக்கியிருக்கிறவர். வியாழக்கிழமை நேரில் வருவதாகவும், முத்திரையில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது என்றும் சொன்னார். சிராஜுதீன் சரியென்றார். ஆன் பண்ணிப் பார்த்தீர்களா என்று டாக்டரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் தூங்கின மிஷினை உள்ளே பார்க்காமல் கரண்ட் கொடுத்தால் புகைந்துவிடும். உள்ளே பார்ப்பதென்றால் முத்திரை போய்விடும்.

வெளிப்பெட்டிதான் டீக்கறைப் பல் மாதிரி மஞ்சளடித்துக் கிடந்தது. அதற்கு அவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. பக்கத்துத் தெரு பியூட்டி பார்லரில் தலைமுடியை வெளுக்கிற கிரீம் வாங்கிவந்து, பெட்டிமேல் பூசி, பிளாஸ்டிக் தாளைச் சுற்றி மொட்டைமாடி வெயிலில் வைத்தால், இரண்டு நாளில் புதுசுபோல் வெளுத்துவிடும். வழக்கமாக உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி நிழலில் வைத்துவிட்டு வெறும் கூட்டைத்தான் வெயிலில் வைப்பார். இந்தத் தடவை கழற்ற வழியில்லை. காற்றுத் துளைகளை டேப் போட்டு அடைத்து, பெட்டியை முழுசாகவே தூக்கிக்கொண்டு போய் வைத்தார். சித்திரை வெயில். முத்திரை சூட்டில் சுருங்கிவிடுமோ என்று பயந்து, அதன்மேல் ஈரத்துணியை மடித்துவைத்து, மணிக்கொரு தரம் ஏறிப்போய் நனைத்துவிட்டு வந்தார். உள்ளே இருக்கிறவர்களுக்கு ஈரத்துணி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் கண்டென்சருக்கு வயிறு உப்பியது. கொஞ்ச நேரம் யாரிடமும் சொல்லாமல் தாங்கிப் பார்த்தது. பிறகு அடிப்பக்கம் எங்கேயோ விரிசல் விட்டு, ஒரு சொட்டு கசிந்து அம்மாமேல் விழுந்தது.

"சுடுதாம்மா?"

"இல்லடா. லேசா எரியுது. நீ கவலப்படாத."

அம்மா பொய் சொல்கிறாள் என்று அதற்குத் தெரிந்தது. அந்தத் திரவம் செம்பை அரிக்கும். அம்மாவின் உடம்பில் ஓடுவதெல்லாம் மயிரிழை மாதிரி செம்புக் கோடுகள். தான் நிற்கிற இடத்திலிருந்து நாலாவது கோட்டைத் தாண்டினால் பெரிய சிப் வந்துவிடும். அதற்கு அடியில் போய்விட்டால் அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அம்மாவைக் கொல்லப்போவது தானா என்று நினைத்தபோது அதற்கு உடம்பெல்லாம் நடுங்கியது. நடுங்கியதில் இன்னொரு சொட்டு விழுந்தது.

சிராஜுதீன் பெட்டியைக் கீழே கொண்டுவந்து மேஜைமேல் வைத்ததும் அது முத்திரையைக் கூப்பிட்டது.

"அண்ணே, கொஞ்சம் விட்டுக் குடுங்க. மூடி லேசா தெறந்தாப் போதும், அவரு பாத்துருவாரு. என்னைப் புடுங்கிப் போட்டுட்டு வேற ஒண்ணு வெச்சா அம்மா பொழச்சுக்கும்."

முத்திரைக்குக் கோபம் வரவில்லை. பெரிய மனுஷத்தனமாகத்தான் பேசியது. தான் கிழிந்தால் இந்தக் குடும்பத்துக்கு வெளியே என்ன மரியாதை இருக்கும் என்று கேட்டது. நாற்பது பேர் கைதட்டியதைச் சொன்னது. பெட்டிக்குப் பெட்டி உள்ளே ஏதாவது இருக்கத்தான் செய்யும், அதையெல்லாம் வெளியே கொண்டுவந்தால் யார் மதிப்பார்கள் என்றது. நல்ல இடத்துக்குப் போகப்போகிற நேரத்தில் இப்படிப் பேசலாமா என்று கடைசியில் கொஞ்சம் செல்லமாகவும் கடிந்துகொண்டது.

"வியாழக்கிழமை வரைக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு இரு தம்பி."

"எனக்கு ஏதுண்ணே பல்லு? வயிறு மட்டும்தான் இருக்கு. அதுவும் ஓட்டை."



கண்டென்சருக்கு இன்னும் ஒரே ஒரு வழி இருந்தது. அந்தத் திரவம் கசிந்தால் மீன் வாடை அடிக்கும். தொழிலில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். சிராஜுதீனே எத்தனையோ மிஷினை மூக்கால் முகர்ந்து நோய் கண்டுபிடித்திருக்கிறார். தன்னிடம் இருக்கிற ஒரே குரல் அந்த வாடைதான் என்று, கண்டென்சர் அதைக் காற்றுத் துளை வழியாக வெளியே அனுப்பியது. டேப்பை எடுத்துக்கொண்டிருந்த சிராஜுதீன் நிமிர்ந்து மோந்து பார்த்தார். உள்ளே எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். தங்கப்பழம் இன்றைக்கு மத்தி போட்டுவிட்டான்போல என்று சொல்லிக்கொண்டே அவர் ஜன்னலைச் சாத்தினார்.

திங்கட்கிழமை தங்கப்பழம் தங்கை மகள் கல்யாணத்துக்காக மெஸ்ஸைப் பூட்டிவிட்டுச் சாத்தான்குளம் போய்விட்டான். அடுப்பு எரியவில்லை. மாடியில் மட்டும் மீன் வாடை அப்படியே இருந்தது. சிராஜுதீன் தலையைத் தூக்கினால்தானே. கீபோர்டில் இருந்த எண்பத்து மூன்று பொத்தானையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சோப்புத் தண்ணீரில் போட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். டாக்டருக்கு ஏதாவது குறை பட்டுவிடுமோ என்று சாப்பாடுகூட இறங்கவில்லை. பொழுது போகிற வேகத்தில், பூட்டிய மெஸ்ஸிலிருந்து எப்படி வாடை வருகிறது என்று மூக்கும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் கோடு அறுந்தது. புதன்கிழமை காலையில் இரண்டாவது.

"இடது பக்கம் மரத்துப்போச்சுடா" என்றாள் அம்மா.

கண்டென்சர் அழுதது. அழுதால் இன்னும் கசியும் என்று தெரிந்தும் அதனால் நிறுத்த முடியவில்லை. அம்மா அதைத் திட்டவில்லை. வெயிலில் வைத்தது நீயா, உன்மேல் என்ன தப்பு என்று கேட்டாள். நாளைக்கு யாரோ வருகிறார்களாமே, டாக்டராமே, டாக்டர் என்றால் திறந்து பார்க்காமல் இருப்பார்களா என்று ஆறுதல் சொன்னாள். அதைக் கேட்டபிறகு கண்டென்சர் டாக்டரை நினைத்துக்கொண்டே பொழுதை ஓட்டியது. வியாழன் விடியும்போது மூன்றாவது கோட்டின் விளிம்பு பச்சை பூத்திருந்தது.

டாக்டர் ரோஸ்லின் பத்தரைக்கு வந்தார். வெள்ளைவெளேரென்று இருந்த பெட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, நேரே பின்பக்கம் போய்க் குனிந்தார். கைப்பையிலிருந்து சின்ன டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் எடுத்து, கடைவாய்ப் பல்லைப் பார்க்கிற பொறுமையோடு முத்திரையைப் பார்த்தார். முத்திரை தன்னால் முடிந்த மட்டும் மினுங்கியது.

"ஒரு கீறல் இல்ல பாய்" என்று நிமிர்ந்தவர், முகத்தைச் சுளித்தார். என்ன வாடை இது என்று கேட்டார். கீழே மெஸ் இருக்கிறது, மீன் என்றார் சிராஜுதீன்.

"நான் நாகப்பட்டினத்துக்காரி பாய். இது மீன் இல்ல. வரும்போது பாத்தேன், உங்க மெஸ்ல பூட்டு தொங்குது."

சிராஜுதீன் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். பூட்டு தொங்கியது. மூன்று நாளாக மெஸ்ஸில் சாப்பிடாமல் வெளியே தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சித்திரை வெயில் ஞாபகம் வந்தது. மணிக்கொரு தரம் நனைத்த ஈரத்துணி ஞாபகம் வந்தது. திரும்பி வந்து காற்றுத் துளையில் மூக்கை வைத்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கை தானாகப் போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்தது.

உள்ளே கண்டென்சர் அம்மாவைக் கூப்பிட்டு, "பாத்துட்டாரும்மா, பாத்துட்டாரு" என்றது.

சிராஜுதீன் மறைக்கவில்லை. உள்ளே ஒரு கண்டென்சர் ஒழுகுகிறது, தன் தப்புதான், வெயிலில் வைத்திருக்கக் கூடாது என்று சொன்னார். இப்போதே திறந்தால் அரை மணி நேர வேலை. கழற்றி, துடைத்து, வேறு போட்டுவிடலாம். இந்த மிஷின் ஓடும், இன்றைக்கே திரையில் எழுத்து எரிவதை டாக்டர் பார்க்கலாம். ஒரு வாரம் விட்டால் போர்டு போய்விடும்.

டாக்டர் முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்லுல சொத்தைன்னு தெரிஞ்சா நீங்க என்ன பண்ணுவீங்க டாக்டர்?"

"தோண்டி எடுத்துருவேன்."

"அப்போ இதையும் தெறந்துரட்டுமா?"

"வேணாம் பாய். தெறந்தது ஏற்கெனவே எங்கிட்ட மூணு இருக்கு. இத நான் ஆன் பண்ணப்போறதில்ல. கண்ணாடிக்குள்ளதான் வெக்கப்போறேன்."

மிஷின் அந்த நிமிஷம்வரை சிராஜுதீனுடையதுதான். வேண்டாம் என்றிருக்கலாம். திறந்துவிட்டு, டாக்டர் போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஸ்க்ரூடிரைவர் நுனி முத்திரைக்கு ஒரு விரல்கடை தூரத்தில் நின்றது. முத்திரை பயத்தில் விறைத்துப்போயிற்று. உள்ளே எல்லாரும் அந்த நுனியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சிராஜுதீனுக்குக் குழுவில் இருக்கும் நாற்பது பேர் ஞாபகம் வந்தது. பிரிக்காத பெட்டியைப் பிரித்தவன் என்று சொல்வார்கள். அவர் ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் வைத்துவிட்டு, பபிள் ஷீட்டை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றும்போது மூக்கைத் திருப்பிக்கொண்டார்.

"பாத்தியா தம்பி" என்றது முத்திரை. அதற்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "நல்ல இடத்துக்குப் போறோம்."

கோயம்புத்தூரில் அதற்கு ஹாலின் நடுவில் இடம் கொடுத்தார்கள். பின்பக்கம்தான் பார்க்க வேண்டிய பக்கம் என்பதால் திருப்பி வைத்து, முத்திரைமேல் விழுகிற மாதிரி ஒரு சின்ன விளக்கும் போட்டார்கள். வருகிறவர்கள் எல்லாரும் இது வேலை செய்யுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். இதுவரை பிரிக்கவே இல்லை என்பார் டாக்டர். கேட்டவர்கள் ஆச்சரியத்தில், என்ன கேட்டோம் என்பதையே மறந்துவிடுவார்கள்.

முதல் மாதத்தில் உள்ளேயிருந்து கண்டென்சர் தினமும் கூப்பிட்டது. பிறகு எப்போதாவது. அம்மா எப்படி இருக்கிறாள் என்று முத்திரை ஒருநாளும் கேட்டதில்லை. விளக்கும் விருந்தாளிகளுமாகப் பொழுது போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. ஹாலில் நிசப்தம். எதையோ காணோம் என்று முத்திரைக்குத் தோன்றியது. ரொம்ப நாளாக உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"தம்பி" என்றது.

கொஞ்சம் பொறுத்து, அதுவரை கூப்பிட்டே இராத முறையில், "அம்மா" என்று கூப்பிட்டது.

மூடிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அன்றிலிருந்து அது கிழிந்துவிடத் தவிக்கிறது. விளக்குச் சூட்டில் சுருங்கிப் பார்க்கிறது, விளிம்பைத் தூக்கிப் பார்க்கிறது. தன்னைத்தானே கிழித்துக்கொள்ள ஒரு முத்திரையால் முடியாது.