சுக்கான் முள்

"இவங்க பேசுறது எதுவும் இங்கிலீஷ் மாதிரியே இல்ல, மேடம்" என்றார் தளவாய்.

மெர்சலினின் வாக்கிடாக்கியில் கப்பல்காரர்களின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. வெளிக்கடலில் நின்ற கப்பலைப் படகு நெருங்கிக்கொண்டிருந்தது.

அயல்நாட்டுக் கப்பல்களில் ஏறி, அவற்றைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட் மெர்சலின். தளவாய் அவரிடம் பயில வந்தவர்; அவரைவிட நான்கு வயது மூத்தவர். அதுவரை நம் நாட்டு ஆட்கள் ஓட்டிய கப்பல்களிலேயே இருந்தவர். இன்று தேறினால் மெர்சலினின் வாக்கிடாக்கி அடுத்த கப்பலுக்கு அவர் கைக்கு வரும். தேறாவிட்டால் பழைய வேலைதான்.

"ஒவ்வொருத்தனும் ஒரு மாதிரி சொல்றான். யாரோட இங்கிலீஷை நம்புறது?"

"ஏறுங்க, சார்."

நூலேணி ஆடியது.

கப்பலின் கேப்டன் உக்ரைன்காரர். சுக்கான் பிடித்து நின்றவர் பிலிப்பைன்ஸ்காரர். பைலட் இடும் கட்டளையைச் சுக்கானி வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் சக்கரத்தைத் திருப்புவார். கடலில் அதுதான் வழக்கம்.

துறைமுக வாய் வந்தது.

இடப்பக்கம் பத்து பாகை என்று தளவாய் ஆங்கிலத்தில் கட்டளையிட்டார்.

சுக்கானி திருப்பிச் சொன்னார்.

தளவாய்க்குத் திருப்தியில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். சுக்கானி மறுபடி சொன்னார். தெளிவாகச் சொல்லச் சொன்னார். சுக்கானி அப்படியும் சொன்னார். தளவாய் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்பலின் மூக்கு இடப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது. அங்கே அலைதடுப்புச் சுவர்.

"அவர் பரீட்சைக்கு வரல, சார்" என்றார் மெர்சலின். "நீங்கதான் வந்திருக்கீங்க."

முன்கண்ணாடிக்கு மேலே கடிகாரம் போல ஒன்று இருந்தது. சுக்கான் எந்தப் பக்கம், எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அதன் முள் காட்டும். மெர்சலின் அதை விரல்நுனியால் தட்டினார்.

முள் இடப்பக்கம் பத்தில் நின்றது. முதல்முறை சொன்னதிலிருந்தே அங்கேதான் நின்றிருந்தது.

சுக்கானை நடுவுக்குக் கொண்டுவரச் சொன்னார் தளவாய். சுக்கானி ஏதோ சொன்னார். தளவாய் இந்த முறை முள்ளைப் பார்த்தார். அது நடுவுக்கு வந்தது. சுவரின் முனை கப்பலை உரசாமல் பின்னே போயிற்று.

கப்பல் கரையில் கட்டப்பட்டதும் சுக்கானி மெர்சலினிடம் மெதுவாக வந்தார்.

"இவர் எந்த நாட்டுக்காரர்? இவருடைய ஆங்கிலம் ரொம்பக் கஷ்டம்."

"பிறகு எப்படித் திருப்பினீர்கள்?"

"பாதி புரிந்தது. மீதிக்கு அவர் கையைப் பார்த்தேன்."

அருகே நின்ற தளவாய் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். அது எப்போது இடப்பக்கம் நீண்டது என்று அவருக்குத் தெரியவில்லை.

மெர்சலின் வாக்கிடாக்கியை அந்தக் கையில் வைத்தார்.