தலைப்பாகையைக் கழற்றாத சபை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மணற்பட்டணத்தை இராசகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்பதைவிட ஆட்டிவைத்தான் என்று சொன்னால் பொருந்தும். சிரித்தால் ஒரு கிராமத்தையே தானம் கொடுப்பான், தும்மினால் யார் தலையாவது உருளும்.

ஒருநாள் அவனுடைய பட்டத்து யானை செத்துப்போனது. "இன்று முழுக்கத் துக்கம். என் நாட்டில் எவனும் தீ மூட்டக்கூடாது. மீறினால் மரணம்!" என்று உத்தரவு போட்டான். முரசு அதிகாரி கச்சிராயர் ஊரெங்கும் அறைந்து சொல்லச் செய்தார். பச்சைக் குழந்தைக்குக்கூட யாரும் கஞ்சி காய்ச்சவில்லை. ஊர்க்கோடியில் மட்டும் புகை எழும்பியது.

அங்கே சுண்ணாம்புக் காளவாயில் இருளாண்டியும் அவன் பெண்சாதி சடைச்சியும் கிளிஞ்சல் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. அந்தத் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். கேட்கிறவர்களும் கேட்காதவர்களும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். அன்றைக்கென்று மற்றவர்கள் எல்லாரும் கிளிஞ்சல் பொறுக்கக் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். உத்தரவை எடுத்துச் சொல்ல ஆளில்லை.

சேவகர்கள் இருவரையும் பிடித்து வந்தார்கள். "ஏனடா தீ மூட்டினாய்?" என்று ராஜா கேட்டான். இருளாண்டி விழித்துக்கொண்டு நின்றான். "திமிர்!" என்றான் ராஜா. இருளாண்டிக்குக் காது கேட்காது என்று கச்சிராயருக்குத் தெரியும். ராஜாவின் கோபத்துக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. கதையைச் சிரிப்பாகச் சொல்ல எனக்கும் ஆசைதான், என்ன செய்வது? உச்சிவெயிலுக்கு முன் இருளாண்டியை வெட்டிவிட்டார்கள். சடைச்சிக்குப் பொழுது சாயும்வரை தவணை.

சேதி கேட்டு மந்திரி நல்லபெருமாள் ஓடிவந்தார். கோட்டை வேலைக்குச் சுண்ணாம்பு வாங்கப் போய்ப் போய்க் கைப்பேச்சு பழகியவர் அவர். கடற்கரையிலிருந்து திரும்பிய தெருச்சனமும் அவர் பின்னாலேயே வந்து சபையின் ஓரத்தில் நின்றது.

"மகாராஜா, அவர்களுக்குக் காது கேட்காதே!"

கச்சிராயர் குறுக்கே பாய்ந்தார். மந்திரியைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். "அவர்கள் வாசலிலேயே முரசு அறைந்தோம் பிரபு. பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்?"

"கண்ணெதிரே அறிவித்த பிறகு, தெரியாது என்று சொல்ல எவனுக்கும் உரிமையில்லை" என்றான் ராஜா.

"எவருக்குமா, மகாராஜா?"

"எனக்கே ஆனாலும்!"

"அப்படியானால் தங்கள் பெயரால் இன்னொரு அறிவிப்புச் செய்ய அனுமதி வேண்டும்."

"செய்து தொலையும்!"

மந்திரி சடைச்சியின் கட்டை அவிழ்க்கச் சொல்லி, கையால் அவளிடம் ஏதோ சொன்னார். அவள் சபை நடுவே வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வலப்பக்கம் திரும்பிக் கைகளை அசைத்தாள், இடப்பக்கம் திரும்பி அசைத்தாள், பிறகு சிம்மாசனத்தைப் பார்த்து அசைத்தாள். ஓரத்தில் நின்ற சனம் மொத்தமும் தலைத்துண்டையும் முக்காட்டையும் எடுத்துவிட்டுத் தலை குனிந்தது. சபையார் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"என்ன குரங்காட்டம் இது?" என்றார் கச்சிராயர்.

"அறிவிப்பு ஐயா. 'ஒரு மனிதன் செத்துப்போனான். அவன் துக்கத்துக்கு எல்லாரும் தலையில் இருப்பதைக் கழற்றுங்கள். மீறினால் மரணம்.' எல்லாருடைய கண்ணெதிரேயும் அறிவித்தாயிற்று. நீங்கள் தலைப்பாகையோடு இருக்கிறீர்கள். மகாராஜாவும் கிரீடத்தோடு இருக்கிறார். யாரை முதலில் வெட்டலாம்?"

சிரிப்பு நின்றது. "எங்களுக்கு இந்தப் பேச்சுத் தெரியாதே!" என்று அலறிக்கொண்டே கச்சிராயர் தலைப்பாகையைப் பிடுங்கினார்.

"இருளாண்டியும் காலையில் அதைத்தான் சொல்லியிருப்பான்" என்றார் மந்திரி.

ராஜா கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். பிறகு சடைச்சியை விடுதலை செய்தான். இனி முரசு போகும் இடமெல்லாம் கையால் சொல்கிறவரும் போகவேண்டும் என்றான். காளவாய்த் தெருவில் ஒரு பள்ளிக்கூடம்; அந்தத் தெருக்காரர்களே வாத்தியார்கள், அரண்மனைச் சேவகர்கள் மாணவர்கள், முதல் மாணவர் கச்சிராயர். மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கொடுத்தான்.

"உனக்கு என்னம்மா வேண்டும்?" என்று சடைச்சியைக் கேட்டான்.

மந்திரி அவள் கைகளைப் பார்த்துச் சொன்னார்: "மாமியாருக்கு இன்னும் விஷயம் தெரியாதாம். வீட்டோடு கிடக்கிற அந்த அம்மாளுக்கும் காது கேட்காது. கொல்லச் சொன்னவரே வந்து கையால் சொல்லவேண்டுமாம்."

அவளே கற்றுக்கொடுத்தாள். 'உன் மகன்.' 'நான்.' 'கொன்றேன்.' ராஜாவின் விரல்கள் தப்புத் தப்பாகப் போயின. அவள் விடாமல் திருத்தினாள்.

பொழுது சாயும்போது கிழவியின் வாசலில் நின்று ராஜா சொன்னான். கிழவி அவன் கைகளையே பார்த்தாள். பிறகு தன் கையை அசைத்து ஏதோ கேட்டாள். ராஜாவுக்குப் புரியவில்லை. மறுபடியும் கேட்டாள்.

"என் பிள்ளை என்ன தப்புச் செய்தான் என்று கேட்கிறார்" என்றார் நல்லபெருமாள். "பதில் சொல்லுங்கள், மகாராஜா."

பள்ளிக்கூடம் நல்லபடியாக நடந்தது. ராஜாவும் தினம் போய் உட்கார்ந்து கைப்பேச்சை முழுதாகக் கற்றான். அவனைக் காணும்போதெல்லாம் கிழவி அதையே கேட்டாள். சாகும்வரை கேட்டாள்.