சீமாட்டி எங்கே போனாள்?

"போயிட்டா டீச்சர்! வேலியத் தாண்டிப் போயிட்டா!"

வாசலில் வந்து நின்ற நம்புராசனுக்கு மூச்சு வாங்கியது.

பக்கத்து வீட்டு மீனாம்பா எட்டிப் பார்த்தாள். "யாருண்ணே? உங்க சின்ன மகளா?"

"வாயக் கழுவு. சீமாட்டியச் சொல்றேன்."

சீமாட்டி ஒரு கலவா மீன்.

தீவைச் சுற்றி மஞ்சள் மிதவை கட்டி, மீன் பெருகட்டும், உள்ளே யாரும் வலை வீசக்கூடாது என்று ஊர்கூடி மூடிவைத்த கடலில் வளர்ந்தவள். அவள் வயிற்றில் மாத்திரை அளவுக்கு ஒரு கருவியை வைத்துத் தைத்திருந்தார்கள். போகிற இடமெல்லாம் அது சத்தம் கொடுக்கும். கடலடியில் கட்டிய கருவிகள் காது கொடுத்துக் கேட்கும்.

அந்த வித்தையை நம்புராசனுக்குக் கற்றுக்கொடுத்தவள் தமயந்தி. சங்கு குளித்தே மீசை நரைத்தவன் சிஷ்யன், இடுப்பில் பிள்ளை வைத்திருப்பவள் குரு. ஊருக்கு இதில் ஏகப்பட்ட சிரிப்பு.

"மிதவைக்கு வெளிய இருக்கிற காதுல கேட்டிருக்கு டீச்சர். சாயங்காலம் ஏலக்கொட்டகையில கூட்டம். மூடின கடலால எங்க வலைக்கு என்ன வந்துச்சுன்னு கேப்பாங்க. உள்ள இருந்ததும் ஓடிப்போச்சுன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? கடலத் திறந்து விட்டுருவாங்க."

தமயந்தி இடுப்பிலிருந்த பாப்பாவைத் தரையில் இறக்கிவிட்டாள்.

"மிதவைய இன்னும் தள்ளிக் கட்டுவமா?"

"அடுப்புல பால் இருக்குண்ணே. பாப்பாவக் கொஞ்சம் பாத்துக்கங்க."

உள்ளே போய்விட்டாள்.

பாப்பா வாசற்படியைப் பார்த்துத் தவழ்ந்தாள். நம்புராசன் காலைப் பிடித்து இழுத்தான்.

மறுபடியும் தவழ்ந்தாள். மறுபடியும் இழுத்தான்.

"எங்க ஓடுற? வெளிய நாய் இருக்கு, காக்கா இருக்கு. உள்ள கெட!"

பாப்பா திரும்பி அவன் கையைக் கடித்தாள். புதுசாய் முளைத்த பல்.

"ஆத்தாடி!"

கை விட்டதுதான் தாமதம். படிமேல் வயிற்றை வைத்து, தம் கட்டி ஓர் உந்து உந்தினாள். பொத்தென்று அந்தப் பக்கம் விழுந்தாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"டீச்சர்! படியத் தாண்டிட்டா!"

தமயந்தி கரண்டியும் கையுமாய் ஓடிவந்தாள். திட்டு விழப்போகிறது என்று நம்புராசன் தலையைக் குனிந்தான்.

மீனாம்பா குலவை போட்டாள். தெருவே கூடிவிட்டது.

"மாவ எடுங்கடி! பிள்ளை படி தாண்டிட்டா!"

அந்தத் தெருவில் எந்தப் பிள்ளை முதல்முதலாய்ப் படி தாண்டினாலும், வீட்டுக்கு வீடு கொழுக்கட்டை போகவேண்டும்.

முதல் ஈடு வெந்ததும் தமயந்தி ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இது பாப்பாவுக்கு."

ஊதி ஊதித் தின்றான்.

அடுத்து ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது யாருக்கு டீச்சர்?"

"சீமாட்டிக்கு."

நம்புராசன் வாளியைப் பார்த்தான். வாசலைப் பார்த்தான். தெருவில் பாப்பா ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாறிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் முத்தம்.

அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

சாயங்காலம் ஏலக்கொட்டகையில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாய் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னய்யா, கணக்குச் சொல்ல வரச்சொன்னா வாளியத் தூக்கிட்டு வர்ற? என்ன விசேஷம்?"

நம்புராசன் மூடியைத் திறந்தான். வெல்லமும் ஏலக்காயும் மணத்தது.

"ஆளுக்கொண்ணு எடுத்துக்கங்கப்பா. நம்ம சீமாட்டி படி தாண்டிட்டா. உங்க வலைப் பக்கந்தான் வந்துக்கிட்டிருக்கா."