ஏழாம் மண்டலத்தின் தலைநகர்

தேசத்தை ஏழு மண்டலங்களாகப் பிரிக்க அரசன் முடிவு செய்தான். மண்டலத்துக்கு ஒரு தலைநகர், அங்கே ஒரு நீதிபதி, ஒரு காவல்படை. அந்த வேலை வெண்காடன் என்ற அதிகாரியின் தலையில் விழுந்தது. தலை நரைத்த பிறகும் ஆசானிடம் காட்டாமல் எதையும் முடிக்கமாட்டான் அவன்.

ஆசான் ஏழாம் மண்டலத்தின் கடைசியில், காட்டோரக் கிராமத்தில் இருந்தார். வெண்காடன் வரைபடத்தை விரித்தான். ஏழாம் மண்டலத்துக்குக் காட்டுக்கு அப்பால் இருந்த ஆற்றங்கரை ஊரைத் தலைநகராகக் குறித்திருந்தான். நல்ல காற்று, நல்ல தண்ணீர், அதிகாரிகள் குடும்பத்தோடு இருக்கத் தோதான ஊர் என்றான். அவர்கள் சௌகரியத்தை அவர்கள் என்றைக்கு மறந்தார்கள்! நீதிபதிகூட அங்கே போய் உட்கார்ந்தாயிற்று.

"சரியா இருக்கா, ஐயா?"

ஆசான் வாசலைக் காட்டினார். அங்கே மாசாணி என்ற பெண் அழுதுகொண்டிருந்தாள். நிலத்தைத் தன் பெயருக்கு எழுதிக் கேட்டு, ஊர்த்தலைவன் அவள் கணவனைப் பிடித்து அடைத்து வைத்திருந்தான். கொடுக்காவிட்டால் கொன்றுவிடுவானாம்.

"இவளை உன் தலைநகருக்குக் கூட்டிட்டுப் போய்ப் புகார் சொல்ல வை" என்றார் ஆசான்.

விடிந்ததும் வெண்காடனும் மாசாணியும் கிளம்பினார்கள். காட்டுக்குள் போகப் போக வெளிச்சம் குறைந்தது. வழியெல்லாம் யானை முறித்துப் போட்ட மூங்கில். உச்சிப்பொழுதுக்குப் பிறகு பக்கத்துப் புதரில் ஏதோ கூடவே வந்தது. அவர்கள் நின்றால் அதுவும் நின்றது. காட்டில் பாதிகூடத் தாண்டவில்லை.

இப்போதே திரும்பினால் இருட்டுவதற்குள் ஊர் போய்விடலாம் என்று வெண்காடன் கெஞ்சினான்.

மாசாணியும் புதரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க போங்க, ஐயா. நான் புகார் சொல்லக் கிளம்புனது இந்நேரம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு இனி அந்த ஊர் இல்ல."

சொல்லிவிட்டு நடந்தாள். வெண்காடன் திரும்பி ஓட்டமும் நடையுமாக வந்து, பொழுது சாய்கிற நேரத்தில் ஆசான் வாசலில் விழுந்தான்.

"அவ எங்கே?"

"தனியாப் போயிட்டா, ஐயா. எனக்கு... பயமா இருந்துச்சு."

ஆசான் தண்ணீர் கொடுத்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அவன் குடித்து முடிக்கும்வரை காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

வெண்காடன் வரைபடத்தை எடுத்தான். ஆற்றங்கரை ஊரின் குறியை அழித்தான்.

"தலைநகரை எங்கே வைக்கட்டும், ஐயா?"

"நீ திரும்பின இடத்துல. காவல் அங்கேதான் வேணும்."